தலைவர் அவையேறி வாதிடல் தகுமோ?

2022ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 22ஆம் நாள், அப்போது பாகிஸ்தானின் பிரதமராக இருந்த இம்ரான் கான், ருஷ்யத் தொலைக்காட்சி ஒன்றுக்கு அளித்த பேட்டியில், இந்தியப் பிரதமர் நரேந்திர மோதியோடு தொலைக்காட்சியில் நேருக்கு நேர் வாதிடத் தமக்குப் பெருவிருப்பம் உண்டு என்று கூறினார். மறுநாள் அவர் மாஸ்கோவுக்குப் புறப்பட்டார். அதற்கு மறுநாள் ருஷ்யப் படை உக்ரேனுக்குள் புகுந்தது. அப்பேரோசையில் இவ்வழைப்பு அமிழ்ந்து போயிற்று. ஏப்ரலில் அவர் பதவியும் பறிபோயிற்று.

உலகம் மறந்த அச்செய்தியை எலெக்ட்ரானிக் சிட்டியிலே நம் சங்கத்து நண்பர் சிலர் மட்டும் எளிதில் விடவில்லை. அவ்வார இறுதியில் கூடியிருந்தபோது இதுவே பேச்சாயிற்று. "பகைநாட்டான் அழைத்தால் நம் தலைவர் ஓடிப்போய் மேடையேற வேண்டுமா?" என்றனர் மூத்தோர். நாமும் அவர் பக்கமே. மறுத்தவர் ஒருவரே. அவர் தென்கன்னட மாவட்டத்துச் சுள்ளியா வட்டத்தில், ரப்பர்த் தோட்டக் குடியிருப்பில் பிறந்து, படித்து முன்னேறி, இங்கு மென்பொருட் பணிக்கு வந்த இளைஞர். "மூடிய அறையிலே பேசி முடிப்பதைக் காட்டிலும் நாலுபேர் அறியப் பேசுவது மேலன்றோ ஐயா?" என்று அவர் கேட்டார். இளமைத் துடிப்பென்று கருதி நாம் புன்னகை செய்தோம். அவர் அங்ஙனம் கேட்டதற்குக் காரணம் இருந்தது என்பதைப் பின்னரே அறிந்தோம். அதனை உரிய இடத்தில் கூறுவோம். அவர் வினாவுக்கு விடை தேடப் புகுந்து வரலாற்றில் நாம் கண்ட சில செய்திகளை இம்மலரின் வாயிலாக அன்பர்க்கு உரைப்பதே நம் நோக்கம்.

இத்தகைய அழைப்பு புதியதன்று. 2003ஆம் ஆண்டு பிப்ரவரியில், படையெடுப்புத் தலைக்கு மேல் நின்ற வேளையில், இராக்கின் சதாம் உசேன் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் புஷ்ஷைத் தொலைக்காட்சி வாதத்துக்கு அழைத்தார். 2006இல் ஈரானின் அகமதிநெஜாத் அதே புஷ்ஷை அவ்வாறே அழைத்தார். வெள்ளை மாளிகை இரண்டையும் தள்ளிவிட்டது. அழைப்பவர் பெரும்பாலும் வலிகுன்றியவராகவும், மறுப்பவர் வலிமிக்கவராகவும் இருப்பதை அன்பர்கள் கவனிக்க. மேடையில் இருவருக்கும் ஒரே உயரமுள்ள நாற்காலிதானே இடுவர்! வாதத்தில் வெல்வதற்கு முன்னரே அழைத்தவர்க்கு அந்த நாற்காலி கிடைத்துவிடுகிறது.

நம் பழந்தமிழர் இதனை எங்ஙனம் கருதினர்? அதியமான் நெடுமான் அஞ்சி தொண்டைமானிடம் தானே சென்று வாதிட்டானல்லன், ஔவையாரை அனுப்பினான். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டிப் பெருமிதம் கொள்ள, அம்மூதாட்டியார் அவன் வேல்கள் நெய்யணிந்து பளபளப்பதைப் புகழ்வார் போலப் புகழ்ந்து, அதியமானின் வேல்களோ போரிற் பயின்று சிதைந்து கொல்லன் உலைக்களத்திற் கிடக்கின்றன என்று குறிப்பாற் புலப்படுத்திய திறத்தைப் புறநானூறு காட்டும். இதே சொல்லை அதியமானே சொல்லியிருந்தால் அஃது அறைகூவலாகி அன்றே போர் மூண்டிருக்கும். புலவர் வாயிலிருந்து வந்தமையால் தொண்டைமான் அதனைப் புகழாகவும் கொள்ளலாம், எச்சரிக்கையாகவும் கொள்ளலாம். உறையூரில் நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பொருதபோது இடைநின்று பேசியவரும் கோவூர்கிழார் என்னும் புலவரே.

வள்ளுவர் பொருட்பாலை அமைத்த முறையும் சிந்திக்கத்தக்கது. சொல்வன்மை, தூது, அவையறிதல், அவையஞ்சாமை ஆகிய அதிகாரங்கள் அரசியலில் இல்லை. அமைச்சியல் என்று பல பதிப்புகள் குறிக்கும் பகுதியிலேயே அவை உள்ளன. பரிமேலழகர் அப்பகுதியை அங்கவியலுள் அடக்குவார். எப்படிப் பகுத்தாலும் அவை அரசனுக்குரிய இருபத்தைந்து அதிகாரங்களுக்கு அப்பாலேயே நிற்கின்றன. அவையேறி வெல்லும் சொல் அமைச்சனுக்கும் தூதனுக்கும் உரிய கருவி என்று அப்பெருந்தகை கருதினார் போலும். இதனையே முடிந்த முடிபாகக் கொண்டு நாம் கட்டுரையை இங்கு நிறுத்தியிருக்கலாம். பழைய நூலைக் காட்டிப் புதிய வினாவை அடக்குதல் எளிது. ஆனால் அவ்விளைஞர் அதற்கு அடங்குபவர் அல்லர். ஆதலின் அண்மை நூற்றாண்டுக்கு வருவோம்.

சுதந்தர இந்தியா உலக அவையொன்றில் தன் எதிரியோடு முதன்முதலாகப் பெருவழக்காடியது 1948ஆம் ஆண்டு ஜனவரியில். காஷ்மீரத்துள் புகுந்த கொள்ளைக் கூட்டத்துக்குப் பாகிஸ்தான் உதவுகிறது. அதனை நிறுத்தச் செய்க என்று இந்தியா அவ்வாண்டு ஜனவரி முதல் நாள் ஐக்கிய நாட்டுப் பாதுகாப்புச் சபையிடம் முறையிட்டது. முறையீட்டை எடுத்துரைக்க நேரு செல்லவில்லை. அனுப்பப்பட்டவர் நம் தஞ்சை மாவட்டத்தில் 1882இல் பிறந்த என். கோபாலஸ்வாமி ஐயங்கார். சென்னை மாகாணத்தில் நெடுங்காலம் ஆட்சிப் பணி புரிந்தவர். 1937 முதல் 1943 வரை காஷ்மீர மன்னரின் பிரதமராக இருந்தவர். நேருவின் அமைச்சரவையில் இலாகா இல்லாத அமைச்சர். அந்நாட்டின் கோப்புகளை அவரினும் நன்கறிந்தார் அன்று இந்தியாவில் அரியர். அவருடன் எம்.சி. சீதல்வாட், ஷேக் அப்துல்லா முதலியோரும் சென்றனர்.

நியூயார்க் நகரை அடுத்த லேக் சக்சஸ் என்னும் இடத்தில் சபை கூடிற்று. ஜனவரி 15ஆம் நாள் ஐயங்கார் பேசினார். கோப்பு எழுதிப் பழகிய கை. செய்தியை வரிசைப்படுத்தி, அளந்து, மிகையின்றிப் பேசினார். மறுநாள் பாகிஸ்தானின் வெளிநாட்டமைச்சர் ஜாபருல்லா கான் எழுந்தார். இவர் கூட்டரசு நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர். வழக்காடுதலே வாழ்வாகக் கொண்டவர். இரண்டு நாள்களில் ஐந்து மணி நேரத்துக்கு மேற்பட நீண்டது அவர் உரை. காஷ்மீரத்தைப் பற்றிய வினாவுக்கு விடை கூறுவதோடு அவர் நிற்கவில்லை. ஜூனாகட், பஞ்சாபில் நிகழ்ந்த படுகொலைகள், பிரிவினையின் மனக்கசப்புகள் அனைத்தையும் கொணர்ந்து சபை முன் குவித்தார். வழக்குத் தொடுத்த இந்தியா ஒரு கிழமைக்குள் வழக்குக்கு விடையிறுக்கும் நிலைக்கு வந்துவிட்டது. ஜனவரி 22ஆம் நாள் சபையின் நிகழ்ச்சி நிரலில் "ஜம்மு காஷ்மீரப் பிரச்சினை" என்றிருந்த தலைப்பே "இந்திய பாகிஸ்தான் பிரச்சினை" என்று மாற்றப்பட்டது. அத்திங்களின் 30ஆம் நாள் காந்தியடிகள் தில்லியில் சுடப்பட்டு வீழ்ந்தார். இரண்டு நாட்டினரும் அச்சபையில் அன்று ஒருங்கே துயருற்றனர். பின்னர் வாதம் தொடர்ந்தது.

ஐயங்கார் தோற்றார் என்று அன்றும் கூறினர், இன்றும் எழுதுகின்றனர். சொற்போர் என்ற அளவில் அது மெய்யே. நாம் அதனை மறைக்க விரும்பவில்லை. தஞ்சையார் என்பதற்காகத் தோல்வியை வெற்றியென்று எழுதுதல் வரலாறாகாது. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். பிப்ரவரியில் இந்தியக் குழு ஒத்திவைப்புக் கேட்டுத் தில்லிக்குத் திரும்பியது. அரசாங்கத்தோடு கலந்தது, தன் நிலையைத் திருத்திக்கொண்டு மீண்டும் சென்றது. தூதரைத் திரும்ப அழைக்கலாம், வேறொருவரை அனுப்பலாம், அவர் சொல் எங்கள் இறுதிச் சொல்லன்று என்றுகூடச் சொல்லலாம். லேக் சக்சஸில் நேருவே நின்று, நேருவே ஜாபருல்லா கானிடம் தடுமாறியிருந்தால் யாரைத் திரும்ப அழைப்பது?

வென்றவர் பெற்றதும் மிகுதியில்லை. ஏப்ரல் 21ஆம் நாள் சபை நிறைவேற்றிய தீர்மானம், படைகளைத் திரும்பப் பெறுதலும் அதன்பின் மக்கள் வாக்கெடுப்பும் என்று வகுத்தது. முதற்பகுதி நிறைவேறவில்லை, ஆதலால் பிற்பகுதியும் இல்லை. 1949 ஜனவரி முதல் நாள் போர் நின்றபோது நின்ற கோடு, படைவீரர் நின்ற கோடேயன்றிப் பேச்சாளர் வரைந்த கோடன்று.

ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் இந்தியா ஜாபருல்லா கானுக்கு ஈடான நாவலரைத் தேர்ந்தனுப்பியது. வி.கே. கிருஷ்ண மேனன் 1957 ஜனவரி 23, 24ஆம் நாள்களில் பாதுகாப்புச் சபையில் ஏறத்தாழ எட்டு மணி நேரம் பேசினார். இடையில் உடல் தளர்ந்து மயங்கினார். தெளிந்து வந்து மீண்டும் பேசினார். நாடெங்கும் அவர் வீரராகப் போற்றப்பட்டார். ஆனால் அந்த 24ஆம் நாளே சபை இந்தியாவுக்கு உவப்பில்லாத தீர்மானத்தைப் பத்து வாக்குகளால் நிறைவேற்றியது. எதிர்த்து ஒரு வாக்கும் இல்லை. ருஷ்யா மட்டும் ஒதுங்கி நின்றது. பிப்ரவரி 20ஆம் நாள் அடுத்த தீர்மானத்தைத் தடுத்ததும் மேனனின் எட்டு மணி நேரமன்று; ருஷ்யாவின் வீட்டோ. அவர் பேச்சு வென்றது பம்பாயிலும் சென்னையிலும் தில்லியிலும். மேடையில் எதிரியை நோக்கிப் பேசுவோர் யாவரும் உண்மையில் தம் வீட்டுத் திண்ணையை நோக்கியே பேசுகின்றனர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

இனி, தலைவரே எதிரித் தலைவரோடு வாதிட்ட ஒரு நிகழ்ச்சி இந்திய வரலாற்றில் உண்டு. மேடையில் அன்று, கடிதத்தில். 1958 டிசம்பரில் நேரு சீனப் பிரதமர் சூ என்லாய்க்கு எல்லைப் படங்களைப் பற்றி எழுதினார். அவர் விடை 1959 ஜனவரியில் வந்தது. சில திங்கள் வரை இக்கடிதங்களை உலகம் அறியாது. அக்சாய் சின் வழியே சீனர் சாலையிட்ட செய்தி 1957இலேயே வெளியாகியிருந்தும், நாடாளுமன்றத்துக்கு அஃது 1959 ஆகஸ்டில்தான் கூறப்பெற்றது. அம்மாதமே லாங்ஜூவில் துப்பாக்கிச் சூடு நிகழ, நாடு கொதித்தது. செப்டம்பர் 7ஆம் நாள் நேரு கடிதங்கள் அனைத்தையும் வெள்ளை அறிக்கையாக நாடாளுமன்றத்தில் வைத்தார். அன்று முதல் அவ்விருவர் எழுதிய ஒவ்வொரு வரியையும் இரு நாட்டு மக்களும் படித்தனர். கடிதம் கடிதமாக இருப்பது ஒழிந்து, அறிக்கையாயிற்று. ஒரு வரியில் நெகிழ்ந்தாலும் மறுநாள் "நாட்டை விற்றார்" என்று தலையங்கம் வரும்.

அந்நிலையில்தான் சூ என்லாய் 1960 ஏப்ரல் 19ஆம் நாள் தில்லிக்கு வந்தார். கிழக்கில் இந்தியா கொண்டிருப்பதைத் தாம் ஒப்புவதென்றும், மேற்கில் தாம் கொண்டிருப்பதை இந்தியா ஒப்பவேண்டுமென்றும் குறிப்பாகப் புலப்படுத்தினார். நேருவினால் அதனை ஆராயவும் இயலவில்லை. அதற்கு முந்திய மார்ச்சில், பெருபாரி வழக்கில், நாட்டின் நிலப்பகுதியை விட்டுக்கொடுக்க அரசியல் சட்டத்தையே திருத்தவேண்டும் என்று உச்சநீதிமன்றம் வேறு கருத்துரைத்திருந்தது. பல மணி நேரப் பேச்சுக்குப் பின் ஒன்றும் கைகூடாமல், 25ஆம் நாள் நள்ளிரவு வரை நீண்ட பத்திரிகையாளர் கூட்டத்தில் சூ என்லாய் தம் பக்கத்தை உலகுக்கு எடுத்துரைத்துவிட்டுச் சென்றார். இரண்டரை ஆண்டில் போர் வந்தது.

கடிதங்களை வெளியிட்டது தவறென்று நாம் கூறவில்லை. குடியரசு நாட்டில் வேறு வழியில்லை. இரண்டாண்டு மறைத்து வைத்துப் பின் ஒரே நாளில் கொட்டியதுதான் தவறு. தொடக்கத்திலேயே தம் மக்களோடு வாதிட்டிருந்தால், பின்னர்ச் சீனரோடு பேச அவர்க்கு இடம் இருந்திருக்கும். 1962 நவம்பர் 8ஆம் நாள், போர் நடந்துகொண்டிருக்கையிலேயே நாடாளுமன்றம் கூடி, நூற்றுக்கு மேற்பட்ட உறுப்பினர் எழுந்து நேருவின் முகத்துக்கு நேரே பேசினர். அந்த வாதம் மூன்றாண்டு முன்னரே நிகழ்ந்திருக்க வேண்டிய வாதம்.

இமயத்தில் போர் மூண்ட அதே கிழமையில் கியூபாவில் அணுப்போர் மூளும் நிலை இருந்தது. அங்கு நிகழ்ந்ததும் நம் பொருளுக்கு ஏற்றதே. அக்டோபர் 25ஆம் நாள் பாதுகாப்புச் சபையில் அமெரிக்கத் தூதர் ஸ்டீவன்சன் ருஷ்யத் தூதர் சோரினை வினாக்களால் மடக்கி, ஏவுகணைகளின் நிழற்படங்களை ஏந்திக் காட்டியதை உலகமே கண்டு வியந்தது. ஆனால் போர் நீங்கியது அங்கன்று. கென்னடியும் குருஷேவும் கடிதம் எழுதிக்கொண்டனர். 27ஆம் நாள் இரவு கென்னடியின் தம்பி ராபர்ட், ருஷ்யத் தூதர் தொப்ரீனினைத் தனியே சந்தித்து, துருக்கியிலுள்ள அமெரிக்க ஏவுகணைகளும் அகற்றப்படும். அதனை வெளியிடலாகாது என்று உறுதி கூறினார். அச்சொல் நெடுங்காலம் மறைந்தே இருந்தது. மூன்றாண்டு முன், 1959 ஜூலை 24ஆம் நாள், மாஸ்கோவின் பொருட்காட்சியில் சமையலறை மாதிரியொன்றின் முன் நின்று குருஷேவும் அமெரிக்கத் துணைத்தலைவர் நிக்ஸனும் ஒளிப்படக் கருவிகளுக்கு எதிரே வாதிட்டார்களே, அதனால் ஓர் ஏவுகணையேனும் குறைந்ததாக யாரும் எழுதவில்லை.

மீண்டும் நம் தஞ்சைக் குடும்பத்துக்கு வருவோம். கோபாலஸ்வாமி ஐயங்கார் 1953இல் மறைந்தார். அவர் மைந்தர் ஜி. பார்த்தசாரதி. சென்னைக்காக ரஞ்சிக் கோப்பைப் பந்தயம் ஆடியவர்; இந்து நாளிதழில் பணிபுரிந்தவர்; பின் தூதராகிச் சீனப் பூசல் வளர்ந்த ஆண்டுகளில் பீகிங்கில் இருந்தவர். 1965 செப்டம்பரில் பாதுகாப்புச் சபையில் பூட்டோ ஆயிரமாண்டு போரிடுவோம் என்று முழங்கியபோது இந்தியாவின் நிலையான பிரதிநிதியாக ஐக்கிய நாட்டு அவையில் இருந்தவரும் அவரே. முழங்கிய அதே உரையின் முடிவில் பூட்டோ போர்நிறுத்தத்தை ஏற்பதாக வந்த தந்தியையும் படிக்க நேர்ந்தது!

தந்தை திறந்த அவையில் காஷ்மீரத்துக்காக வாதிட்டார். மகனுக்கு வாய்த்ததோ மூடிய அறை. 1948இல் தந்தையோடு லேக் சக்சஸ் சென்ற ஷேக் அப்துல்லா, 1953இல் பதவி நீக்கப்பெற்றுப் பல்லாண்டு சிறையில் இருந்தார். அவர் சார்பில் அப்சல் பேக்கும், இந்திரா காந்தியார் சார்பில் பார்த்தசாரதியும் நெடுநாள் ஓசையின்றிப் பேசி, 1974 நவம்பர் 13ஆம் நாள் ஓர் உடன்பாட்டை எழுதினர். 1975 பிப்ரவரியில் ஷேக் முதலமைச்சரானார். அவ்வுடன்பாட்டைக் குறை கூறுவோர் இருபுறமும் உண்டு. எனினும் இருபதாண்டுப் பிணக்கு ஒரு படி இறங்கிற்று. அப்பேச்சின்போது இருவரும் பத்திரிகைக்குத் தோன்றித் தோன்றி மொழிந்திருப்பின் அஃது ஒரு மாதமும் தாங்கியிராது.

1983 ஜூலைக் கொடுமைக்குப் பின் ஈழத்தமிழர் பொருட்டு அதே பார்த்தசாரதி கொழும்புக்குப் பலமுறை சென்றார். ஜயவர்த்தனாவோடும் தமிழர் தலைவர்களோடும் பேசி, மண்டலக் கவுன்சில்கள் அமைப்பதை உட்கொண்ட ஒரு வரைவை உருவாக்கினார். "இணைப்பு சி" என்பது அதன் பெயர். 1984 ஜனவரி 10ஆம் நாள் அனைத்துக் கட்சி மாநாடு கூடிற்று. ஆண்டு முழுதும் பேசி, டிசம்பரில் ஒன்றுமின்றிக் கலைந்தது. மூடிய அறையில் ஒப்பியதைத் திறந்த மன்றத்தில் தாங்கி நிற்கும் நெஞ்சுரம் தலைவர்க்கு இல்லையேல் தூதன் திறம் என் செய்யும்?

ஆக்ராவை அன்பர் பலரும் கண்டிருப்பர். 2001 ஜூலை 15, 16ஆம் நாள்களில் வாஜ்பாயும் முஷாரபும் அங்குப் பேசினர். 16ஆம் நாள் காலையில் முஷாரப் இந்தியப் பத்திரிகை ஆசிரியர்களைச் சிற்றுண்டிக்கு அழைத்து உரையாடியது தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. பேச்சு முறிந்ததற்கு அஃதொன்றே காரணமன்று. ஆனால் அந்த ஒளிபரப்பைக் கண்டபின் எந்த இந்தியத் தலைவர் ஒரு சொல்லைத் தளர்த்த முடியும்? பிற்காலத்தில் நியூயார்க்கில் இந்தியா கொண்ட வழக்கம் வேறு. 2019 செப்டம்பர் 27ஆம் நாள் ஐக்கிய நாட்டுப் பொதுச்சபையில் மோதி பேசினார். கணியன் பூங்குன்றனாரை அவர் நினைவுகூர்ந்தது தமிழர் செவிக்கு இனித்தது. பாகிஸ்தானின் பெயரை எடுக்கவில்லை. அதே நாளில் இம்ரான் கான் ஒதுக்கிய நேரத்தைப் பன்மடங்கு கடந்து இந்தியாவைச் சாடினார். அவர்க்கு விடை கூற எழுந்தவர் விதிஷா மைத்ரா என்னும் முதற் செயலாளர். பிரதமர்க்கு இளநிலைத் தூதர் விடை பகர்வது. அதியமான் முறை!

உலக நிகழ்ச்சிகள் இருக்கட்டும். தலைவர் உரத்துப் பேசினால் விலை கொடுப்பவர் யார் என்பதை எலெக்ட்ரானிக் சிட்டித் தமிழர்க்கு நூல் கொண்டு கற்பிக்க வேண்டுவதில்லை. கன்னடர் நமக்கு அயலாரும் அல்லர், பகைவரும் அல்லர், ஒரே நாட்டார். கோணப்பன அக்ரஹாரத்திலும் தொட்டதோகூரிலும் வயலாகக் கிடந்த நிலத்தை 1970களின் இறுதியில் மின்னணு நகராக்க முனைந்த ஆர்.கே. பாலிகாவின் தொலைநோக்கில்தான் நம்மிற் பலர் அடுப்பெரிகிறது. அத்தகைய உறவிலும், 2012 நவம்பர் 29ஆம் நாள் காவிரி நீர் பற்றிப் பேசத் தமிழக முதலமைச்சர் ஜெயலலிதா பெங்களூருக்கே வந்து கர்நாடக முதலமைச்சர் ஜகதீஷ் ஷெட்டரைச் சந்தித்தபோது, வாயிலில் ஊடகத்தார் நிறைந்திருக்க, பேச்சு அன்றே முறிந்தது. உள்ளே எவ்வளவு தளர்ந்தாலும் வெளியே வந்து தம் மக்களிடம் "ஒரு துளியும் விட்டுக்கொடுக்கவில்லை" என்று கூறியாக வேண்டிய நிலை இருவர்க்கும் இருந்தது.

2016 செப்டம்பர் 12ஆம் நாளை நாம் மறப்பதெங்ஙனம்? தமிழ்நாட்டுக்கு நீர்விடும் அளவைத் திருத்தி உச்சநீதிமன்றம் அன்று ஆணையிட்டது. முந்திய ஒரு கிழமையாக இரு மாநிலத்திலும் மேடைதோறும் சொல்லால் மூட்டிய தீ அன்று பிற்பகல் பேருந்துகளில் பற்றியது. ஓசூர்ச் சாலையில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டி நகர அஞ்சிற்று. பேருந்துகள் எல்லையில் நின்றன. அடுத்து வந்த நாள்களில் அத்திப்பள்ளிக்கும் ஜூஜுவாடிக்கும் இடையே மூட்டையைத் தலையிலும் குழந்தையை இடுப்பிலும் கொண்டு மக்கள் நடந்தே எல்லை கடந்தனர். அவர்களுள் நாமும் நடந்தோம். அன்று நம் தெருவில் எதிர்வீட்டுக் கன்னடத் தாயார், நாம் திரும்பும் வரை நம் வீட்டு வாயிலில் தாமே கோலமிட்டு விளக்கேற்றி வந்தார், ஆளில்லை என்று எவரும் கருதலாகாதென்று. இரு தலைவர் மேடையில் வாதிடும்போது, ஒருவர் நாட்டில் பிறந்து மற்றவர் நாட்டில் வாழ்வோர் நிலை இதுவே. கராச்சியில் வாழும் இந்து, தில்லியில் கடை வைத்த காஷ்மீரி, கொழும்புத் தமிழன் எல்லோரும் அந்தச் சாலையில் நடப்பவரே. 2018 பிப்ரவரி 16ஆம் நாள் உச்சநீதிமன்றம் 177.25 டி.எம்.சி. என்று முடிவு கூறியபோது பெங்களூர் அமைதியாகவே இருந்தது.

இவ்வளவையும் தொகுத்து, தலைவர் எதிரியோடு வாதிட வேண்டா, தூதர் வாதிடட்டும், தலைவர் தம் மக்களோடு வாதிடட்டும் என்னும் முடிவோடு நாம் அவ்விளைஞரிடம் சென்றோம். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "1964 ஒப்பந்தத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்களா ஐயா?" என்றார். எழுதவில்லை. அப்போதுதான் தம் குடும்பக் கதையைக் கூறினார்.

1964 அக்டோபர் 30ஆம் நாள் தில்லியில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். இலங்கை மலையகத் தோட்டங்களில் நாடற்றவராயிருந்த தமிழர் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்றும் வகுத்தனர். 1974இல் அவ்வெச்சத்தையும் சரிபாதியாகப் பகுத்தனர். எல்லாம் நயமாக, கூச்சலின்றி, மூடிய அறையில் நிகழ்ந்தன. நாம் மேலே புகழ்ந்த முறையில் ஒரு குறையும் இல்லை. (அதே 1974இல் கச்சத்தீவும் அவ்வாறே போயிற்று, அதனை விரிக்கிற் பெருகும்.) மலையகத்தின் தொழிலாளர் தலைவர், நியமன உறுப்பினராய் இருந்த சௌமியமூர்த்தி தொண்டமானைக்கூடக் கலந்து பேசவில்லை.

இளைஞரின் பாட்டனார் அந்த 5,25,000இல் ஒருவர். தம்மைப் பற்றித் தில்லியில் முடிவானதைத் தோட்டத்து வானொலியில் கேட்டவர். தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினார். தேயிலை கிள்ளிய கைக்குச் சுள்ளியாவில் ரப்பர் மரத்தைக் கீறக் கற்பித்தனர். தமிழ்நாட்டையும் அவர் முன்பு கண்டதில்லை, கர்நாடகத்தையும் கண்டதில்லை.

"அவ்விருவரும் நாலுபேர் அறிய வாதிட்டிருந்தால் எங்கள் தாத்தா எந்தப் பக்கம் தமக்காகப் பேசுகிறது என்றாவது அறிந்திருப்பார்" என்றார் இளைஞர்.

"அதனாலன்றோ தலைவர் கையெழுத்திடுமுன் தம் மக்கள் முன் வாதிடவேண்டும் என்கிறோம்" என்றோம்.

"யார் மக்கள் ஐயா? 1948இல் இலங்கை அவர்கள் குடியுரிமையைப் பறித்தது. இந்திய நாடாளுமன்றத்தில் அவர்களுக்கு வாக்கில்லை. அவர்கள் எந்தத் தலைவருடைய மக்கள்?"

நாம் கட்டுரைத் தாள்களை மடித்துக்கொண்டோம். அவர் மேலும் வற்புறுத்தவில்லை. தம் பாட்டியார் இன்னும் சுள்ளியாவில் இருக்கிறார் என்றும், இந்த ஆண்டு விழாவுக்கு அழைத்து வரப்போவதாகவும், மலரில் பெயர் அச்சிடும்போது சொந்த ஊர் என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று அவரைக் கேட்டால் ஒவ்வொரு முறையும் வேறுவேறு ஊர் சொல்கிறார் என்றும் கூறிச் சிரித்தார்.